சிஸ்டம் ரிஃப்ரெஷுக்குப் பிறகு காணாமல் போன ஆர்எஃப்சி இணைப்பு: உதவி தேவை

வணக்கம். சென்னை அம்பத்தூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் எஸ்ஏபி பேசிஸ் (எஸ்ஏபி நிறுவன மென்பொருளின் தொழில்நுட்ப நிர்வாகம்) பணியைப் பார்த்து வருகிறேன். எங்கள் இசிசி 6.0 (எஸ்ஏபியின் மென்பொருள் பதிப்பு) குவாலிட்டி சிஸ்டத்தை, அதாவது சோதனை சிஸ்டத்தை, கடந்த வார இறுதியில், அன்றாட வேலை நடக்கும் புரொடக்‌ஷன் நகலைக் கொண்டு மேலெழுதி ரிஃப்ரெஷ் செய்தோம். திங்கட்கிழமை காலை முதல், கிடங்கு மேலாண்மை சிஸ்டத்துக்கான ஆர்எஃப்சி இணைப்பை (ஒரு சிஸ்டம் மற்றொன்றை அழைக்கும் வழி) மட்டும், இணைப்புகளை நிர்வகிக்கும் திரையான எஸ்எம்59-இல் காணவில்லை. டெலிவரி ஆவணம் வழக்கம்போல் சேமிக்கப்படுகிறது. ஆனால் கிடங்குக்குப் போய்ச் சேராமல், அனுப்பப்படாத அழைப்புகளைக் காட்டும் எஸ்எம்58-இல் வரிவரியாகத் தேங்கி நிற்கிறது.

இணைப்புகள் பதிவாகும் ஆர்எஃப்சிடெஸ் டேபிளை, டேபிள்களைப் பார்க்கும் எஸ்இ16 வழியாகப் பார்த்தபோது அந்தப் பெயரில் பதிவே இல்லை. ஆகவே இது அனுமதிக் குறைபாட்டால் திரையில் மறைந்திருப்பதன்று. ரிஃப்ரெஷுக்கு முன் எடுத்த எக்ஸ்போர்ட் கோப்பிலும் அது விடுபட்டிருக்கிறது. பிடி54 திரையில் லாஜிக்கல் சிஸ்டம் பெயர் (சிஸ்டத்தை அடையாளம் காட்டும் பெயர்) சரியாக உள்ளது. அந்தப் பெயரைத் தரவு முழுவதும் மாற்றும் பிடிஎல்எஸ் பிழையின்றி முடிந்தது.

அதே பெயரில் டைப் 3 இணைப்பைப் (எஸ்ஏபி சிஸ்டங்களுக்கு இடையிலான வகை) புதிதாக உருவாக்கிப் பார்த்தேன். கனெக்‌ஷன் டெஸ்ட் வெற்றி பெற்றது. ஆனால் அந்தச் சோதனை கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதில்லை என்பதால் அதை நம்பிப் பயனில்லை; கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் ஆத்தரைசேஷன் டெஸ்ட் தோல்வியுற்றது. இந்த இணைப்பு பயன்படுத்தும், கிடங்கு சிஸ்டத்திலுள்ள பயனரின் கடவுச்சொல் எவரிடமும் இல்லை. வேறு இன்டர்ஃபேஸ்களும் அதே பயனரைச் சார்ந்திருப்பதால் அந்தக் கடவுச்சொல்லை மாற்ற கிடங்கு சிஸ்டத்தின் குழு இணங்கவில்லை. அவர்களின் தயக்கம் நியாயமானதே.

ரிஃப்ரெஷுக்கு முந்தைய டேட்டாபேஸ் பேக்கப் முழுமையாக இருக்கிறது. அதைத் தனி சர்வரில் மீட்டெடுத்து, இந்த ஓர் இணைப்பை மட்டும், செக்யூர் ஸ்டோரில் (கடவுச்சொற்கள் மறையாக்கத்துடன் சேமிக்கப்படும் இடம்) உள்ள அதன் கடவுச்சொல்லோடு சேர்த்து, சிஸ்டங்களுக்கிடையே தரவை நகர்த்தும் கருவியான ஆர்3டிரான்ஸ் மூலம் தற்போதைய சிஸ்டத்துக்குக் கொண்டுவர முடியுமா?