வளைவின் நடுவே பின்பக்கம் தூக்கியடிக்கிறது: 600 சிசி வண்டியில் எதை முதலில் சரிபார்ப்பது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். நான்கு சிலிண்டர் கொண்ட 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன்பு செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். ஓடோமீட்டர் 43,000 கி.மீ. காட்டுகிறது. முந்தைய உரிமையாளர் என்னைவிட நல்ல பருமனானவர். என் எடை 62 கிலோ. வாங்கிய கையோடு இரண்டு டயர்களையும், செயினையும், இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒரு பட்டறையில் புதிதாக மாற்றினேன்.

அதன் பிறகு மூன்று சிக்கல்கள் தொடர்கின்றன. வளைவில் சாய்ந்திருக்கும்போது சாலையில் சிறு மேடு வந்தாலும் பின்பக்கம் தூக்கியடித்து, அடுத்த கணம் ஹேண்டில்பார் இருபுறமும் உதறுகிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டி நான் நினைத்த கோட்டைவிட்டு வெளிப்புறமாக விலகுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டினால் இரு மணிக்கட்டுகளும் மரத்துப்போகின்றன.

இவற்றோடு இன்னொரு கேள்வியும் உண்டு. வண்டியின் கையேட்டில் 42,000 கி.மீ.க்கு வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் திறக்கும் கேமுக்கும் இடையிலான நுண்ணிய இடைவெளி) பார்க்க வேண்டும் என்றிருக்கிறது, ஆனால் அது பார்க்கப்பட்டதற்கான பதிவு எதுவும் என்னிடம் இல்லை. எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடுவதால் அதைப் பிரிக்கத் தேவையில்லை என்கிறார் மெக்கானிக். சஸ்பென்ஷனை ஒரு நிபுணரிடம் கொடுத்துவிடலாமா, அல்லது நானே செய்து பார்க்கக்கூடியவை இருக்கின்றனவா? அனுபவப்பட்டவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் பதில்

சஸ்பென்ஷன் திருகு எதையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். செயின் மாற்றிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனவே செயினிலிருந்து தொடங்குவதுதான் முறை.

எனக்கும் இதே அனுபவம் உண்டு. புதுச் செயின் போட்டுத் திரும்பிய அன்று, அதுவரை பஞ்சுபோல் போய்க்கொண்டிருந்த பின்பக்கம் கட்டைபோல் இறுகிவிட்டதை உணர்ந்தேன். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று எண்ணி, அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகை இரண்டு வாரம் திருகித் திருகிப் பார்த்தேன். கடைசியில் ஸ்கேலை எடுத்து அளந்தபோது, கையேடு 30 மி.மீ. கேட்ட இடத்தில் செயினின் தொய்வு (நடுவே மேலும் கீழும் அசையும் அளவு) 10 மி.மீ. கூட இல்லை. ஆக்ஸில் நட்டு தளர்ந்திருக்கும்போது தொய்வைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். நட்டை இறுக்கும்போது சக்கரம் சற்றுப் பின்னுக்கு நகர்ந்து செயின் இன்னும் இறுகிவிட்டது. இறுக்கிய பின் மறுபடி அளக்க வேண்டும் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை.

இறுகிய செயின் ஏன் சஸ்பென்ஷனைக் கெடுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரம் மேலும் கீழும் அசையும்போது, முன் ஸ்ப்ராக்கெட்டின் மையத்துக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையிலான தூரம் ஒரே அளவாக இருப்பதில்லை. முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங்ஆர்ம் பிவட் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை வண்டியோடு இணையும் அச்சு), பின் ஆக்ஸில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது அந்தத் தூரம் உச்சத்தை அடைகிறது. செயின் மிக அதிகமாக இறுகுவதும் அப்போதுதான். நீங்கள் அமர்ந்து, வளைவின் விசையும் சேர்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது வண்டி அந்த நிலையைத்தான் நெருங்குகிறது. அங்கே செயினில் தொய்வே மிச்சமில்லை என்றால், சக்கரம் மேட்டின் மீது ஏறுவதற்கு இடமின்றிச் செயினே அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த அடி முழுவதும் வண்டியின் உடலுக்கும் கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்டின் பேரிங்குக்கும் போகிறது. நாள்பட விட்டால் அந்த பேரிங் தேய்ந்து, எஞ்சினையே பிரிக்கும் நிலை வரும். செயின் சற்றுத் தளர்வாக இருப்பதைவிட இறுக்கமாக இருப்பது பெரிய ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டியது இதுதான். கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றி, செயின் எந்த இடத்தில் மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் அளவெடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சக்கரத்தைச் சுழலவைத்துச் செயினைத் தொடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஸ்ப்ராக்கெட்டுக்குள் போன விரல் திரும்பாது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தொய்வை வைத்து, ஆக்ஸில் நட்டை டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, மீண்டும் அளந்து பாருங்கள். பிறகு இருவரை வண்டியில் அமரவைத்து நன்றாக அழுத்தச் சொல்லி, அந்த நிலையில் கீழ்ப்பக்கச் செயினை விரலால் தூக்கிப் பாருங்கள். சிறிதளவாவது அசைவு இருக்க வேண்டும். முறுக்கேற்றிய வீணைத் தந்தியைப் போல விரலுக்கு எதிர்த்து நின்றால், கையேட்டின் எண் என்ன சொன்னாலும் அது இறுக்கம்தான்.

செயின் சரியான பிறகு சஸ்பென்ஷனின் அமிழ்வை அளக்கலாம். பின்சக்கரம் தரையிலிருந்து விடுபட்டுத் தொங்கும்போது, ஆக்ஸிலிலிருந்து அதற்கு நேர் மேலே பின்பகுதியில் ஒரு புள்ளி வரை உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அணிந்து, ஃபுட்பெக்கில் கால் வைத்து, ஓட்டும் நிலையில் நீங்கள் அமர்ந்திருக்க, முன்பக்கம் ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, மற்றொருவர் அதே தூரத்தை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமிழ்வு. சாலையில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கிற்கு முன்னும் பின்னும் 30 முதல் 35 மி.மீ. வரை இருந்தால் நல்ல தொடக்கம். நீங்கள் இறங்கிய பிறகு, வண்டியின் சொந்த எடைக்குப் பின்பக்கம் எவ்வளவு அமிழ்கிறது என்பதையும் பாருங்கள். 5 முதல் 10 மி.மீ. வரை இருக்க வேண்டும். என் ஊகம், பழைய ஸ்பிரிங் தளர்ந்து பின்பக்கம் தாழ்ந்திருக்கலாம், வளைவில் வண்டி வெளியே போவதும் அதனால் இருக்கலாம் என்பது. அளவுகளை இங்கே எழுதுங்கள்.

இரண்டாம் பதில்

செயினைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வளைவில் வெளியே விலகுவதைப் பற்றிய ஊகத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. மணிக்கட்டு மரத்துப்போவதும் வண்டி வெளியே போவதும் ஒருவருக்கே சேர்ந்து நிகழ்கின்றன என்றால், நான் முதலில் பார்ப்பது அவருடைய கைகளைத்தான்.

இருசக்கர வண்டி ஓரளவு வேகத்தில் போகும்போது, இடதுபுறம் திரும்ப இடது கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுகிறோம். அப்போது வண்டி இடதுபுறம் சாய்கிறது. இதைத் தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் நடப்பது இதுதான். உடலின் எடை முழுவதும் உள்ளங்கைகளில் தாங்கி, முழங்கைகள் விறைத்திருக்கும்போது, வளைவின் உட்பக்கக் கை தள்ளும் அதே நேரத்தில் வெளிப்பக்கக் கையும் தன்னையறியாமல் எதிர்த்துத் தள்ளுகிறது. விளைவாக, வண்டி சாய வேண்டிய அளவுக்குச் சாய்வதில்லை. மேடு வந்தாலோ, விறைத்த கைகள் உடலின் குலுக்கத்தை அப்படியே ஹேண்டில்பாருக்குக் கொடுத்து உதறலைப் பெரிதாக்குகின்றன. தளர்வாக விட்டிருந்தால் முன்சக்கரம் தானே இரண்டொரு முறை அசைந்து நேராகியிருக்கும்.

உடலைத் தாங்க வேண்டியவை தொடைகளும் வயிற்றுத் தசைகளும்தான். முழங்கால்களால் டேங்கை அணைத்துப் பிடித்து, இருக்கையில் சற்றுப் பின்தள்ளி அமர்ந்து பாருங்கள். பிரேக் பிடிக்கும்போதுதான் இந்தப் பிடி மிகவும் தேவைப்படும். அப்போது கால்கள் தாங்காவிட்டால் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கிவிடும். வளைவின் நடுவே முழங்கைகளைச் சற்று மேலும் கீழும் அசைத்துப் பார்க்க முடிகிறதா என்று உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் கைகள்தான் உங்களைச் சுமக்கின்றன. பிரேக், கிளட்ச் லீவர்களின் சாய்வையும் கவனியுங்கள். விரல்களை லீவரின் மேல் வைக்கும்போது முன்கையும் புறங்கையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். லீவர் மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு மடங்கியே இருக்கும், மரத்துப்போகத்தான் செய்யும்.

டயர் காற்றழுத்தத்தையும் நீங்கள் எழுதவில்லை. இவ்வகை வண்டிகள் பலவற்றில் சாலைக்கு முன்னே 36, பின்னே 42 பிஎஸ்ஐ என்று ஸ்விங்ஆர்மில் ஒட்டியிருக்கும். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அதை அளக்க வேண்டும். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் இதைவிடக் குறைத்து வைப்பது உண்மைதான், ஆனால் அது டயர் கடுமையாகச் சூடேறும் இடத்துக்கான கணக்கு. சாலைக்கு அதை எடுத்துவராதீர்கள்.

மூன்றாம் பதில்

வால்வு கிளியரன்ஸ் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் சத்தமில்லாத எஞ்சின் நலமான எஞ்சின் என்ற நம்பிக்கையால் ஒரு சிலிண்டர் ஹெட்டை நான் இழந்திருக்கிறேன்.

கேமுக்கும், அது அழுத்தும் வால்வின் மேல்மூடியான பக்கெட்டுக்கும் இடையே இடைவெளி கூடினால் டிக் டிக் என்று சத்தம் வரும். ஆனால் இவ்வகை எஞ்சின்களில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. வால்வின் விளிம்பும் அது அமரும் சீட்டும் நாளடைவில் தேய, வால்வு ஹெட்டுக்குள் சிறிது சிறிதாக மேலேறுகிறது. அதனால் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறையக் குறையச் சத்தமும் குறையும். அதாவது, உங்கள் மெக்கானிக் நல்ல அறிகுறி என்று சொல்வது, சிக்கலின் அறிகுறியாகவே இருக்கக்கூடும்.

வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி அறவே இல்லாமல் போனால் வால்வு முழுமையாக மூடுவதில்லை. வெப்பம் போக வழியின்றி விளிம்பு கருகத் தொடங்கும். கனன்ற வாயுவில் குளிக்கும் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கே இந்த ஆபத்து அதிகம். சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் தயங்குவதும், ஐடிலிங் சீராக இல்லாததும் தெரிய வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த நிலையில், ஒவ்வொரு வால்வுக்கும் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளை) நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரியான தகடு மெல்லிய உராய்வோடு வழுக்கிக்கொண்டு வரும், அடுத்த தடிமன் நுழையாது. அளவு தப்பிய வால்வுக்கு மட்டும் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) மாற்றினால் போதும், ஆனால் அதற்குக் கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆகையால் டைமிங் குறிகளைப் பொறுமையாகச் சரிபார்க்கும் ஒருவரிடம் கொடுங்கள். பதினாறு வால்வுகளின் அளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வால்வு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதை அடுத்த முறை அந்தத் தாள்தான் சொல்லும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரங்களில் செய்தவற்றை எழுதுகிறேன்.

கையேடு 35 முதல் 45 மி.மீ. வரை தொய்வு கேட்கிறது. என் செயினில் இருந்தது 12 மி.மீ. இருவரை அமரவைத்தபோது கீழ்ப்பக்கச் செயின் விரலுக்கு அசையவே இல்லை. 40 மி.மீ.க்குத் தளர்த்தி, நட்டை இறுக்கி, மீண்டும் அளந்தபோது 36 வந்தது. அந்த நான்கு மி.மீ. கண்ணெதிரே குறைந்ததைப் பார்த்த பிறகுதான் தவறு எங்கே நடந்திருக்கிறது என்று புரிந்தது. வேறெதையும் தொடாமல் அதே சாலையில் ஓட்டினேன். தூக்கியடிப்பது பாதிக்கும் மேல் போய்விட்டது.

பின்பக்க அமிழ்வு, நான் அமர்ந்த நிலையில் 19 மி.மீ.தான். இறங்கிய பின் வண்டி அமிழவே இல்லை. முன்பக்கம் 33 மி.மீ. லீவர்களைத் தாழ்த்தி, முழங்கால்களால் டேங்கைப் பிடித்து ஓட்டப் பழகிவருகிறேன். வலது மணிக்கட்டு இப்போது மரத்துப்போவதில்லை, இடதுபுறம் மட்டும் சற்று மிச்சமிருக்கிறது. காற்றழுத்தம் பின்னே 42க்குப் பதில் 47 இருந்தது; அதையும் சரிசெய்துவிட்டேன். ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவை, குறைக்கலாமா?

முதல் பதிலளித்தவர் மீண்டும்

என் ஊகம் தவறு. பின்பக்கம் தாழ்ந்திருக்கவில்லை, உயர்ந்தே இருந்திருக்கிறது. பின்பக்கம் உயர்ந்த வண்டி விரைவாகத் திரும்பத்தான் பார்க்கும், எளிதில் வெளியே விலகாது. ஆகவே வளைவைப் பற்றி இரண்டாம் பதிலில் சொல்லப்பட்டதே சரி. பின்பக்கம் உயர்ந்திருந்ததால் உங்கள் எடை முன்னே சரிந்து கைகளில் கூடுதலாக இறங்கியுமிருக்கும்.

ப்ரீலோடைத் தாராளமாகக் குறையுங்கள். முந்தையவரின் எடைக்காக ஏற்றி வைத்தது அது. ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்பிரிங்கின் கடினம் அப்படியேதான் இருக்கும், வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். ஒவ்வொரு படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் அளந்து, 30 மி.மீ. வந்ததும் நிறுத்துங்கள். அப்போது ஆளில்லாத அமிழ்வு 5 முதல் 10 மி.மீ.க்குள் வந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருத்தமானது. அதற்கும் மிக அதிகமாக வந்தால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம் என்று பொருள், அப்போது வேறு ஸ்பிரிங்தான் வழி.

அதன் பிறகு ரீபவுண்ட். இப்போதிருக்கும் நிலையிலிருந்து வலஞ்சுழியாக மெதுவாக, முட்டும் வரை திருகி, எத்தனை கிளிக் வந்தது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பிவர வழி அதுதான். வண்டியின் பின்பகுதியை ஓங்கி அழுத்திவிட்டால், அது ஒரே சீராக மேலெழுந்து நிற்க வேண்டும். மேலே வந்து மறுபடி ஆடினால் ரீபவுண்ட் போதவில்லை. சேற்றிலிருந்து காலை இழுப்பதுபோல் தயங்கி எழுந்தால் அது மிகுதி. மிகுதியாக இருந்தால், அடுத்தடுத்து மேடுகள் வரும்போது சக்கரம் கீழிறங்க நேரமின்றிச் சஸ்பென்ஷன் மேலும் மேலும் அமுங்கி இறுகிப்போகும். ஒரு நாளில் ஒரு திருகு, அதிலும் இரண்டு கிளிக்குக்கு மேல் வேண்டாம்.

கேட்டவரின் மறுமொழி

ப்ரீலோடை மூன்று படி குறைத்ததும் பின்பக்க அமிழ்வு 31 மி.மீ.க்கு வந்தது; ஆளில்லாமல் 8. ரீபவுண்ட் முட்டும் நிலையிலிருந்து ஐந்தாவது கிளிக்கில் இருந்தது. இரண்டு நாட்களில் இரண்டிரண்டாகத் தளர்த்தி இப்போது ஒன்பதில் வைத்திருக்கிறேன். முன்பு ஹேண்டில்பார் உதறிய அதே வளைவில் நேற்று மேட்டைக் கடந்தேன். பின்சக்கரம் ஏறி இறங்கியது இருக்கையில் தெரிந்தது, கைப்பிடிக்கு எதுவும் வரவில்லை.

வால்வுகளையும் பார்த்தாயிற்று. இன்டேக் எட்டும் அளவுக்குள் இருந்தன. எக்ஸாஸ்டில் இரண்டு, கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போயிருந்தன, இரண்டும் மூன்றாவது சிலிண்டரில். ஷிம் மாற்றி, பதினாறு அளவுகளையும் எழுதி வாங்கிக் கையேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.