பிலிப்பைன்ஸில் மருத்துவம் படித்தால் இங்கே மருத்துவராகப் பதிவு கிடைக்குமா?

திண்டுக்கல் அக்கா:
தம்பி நீட் தேர்ச்சி பெற்றுவிட்டான். அரசு இடத்துக்கு மதிப்பெண் போதாது. ஒரு ஏஜென்ட், பிலிப்பைன்ஸில் முதலில் பி.எஸ்., அப்புறம் நான்கு வருடம் எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டமாம்), மொத்தத்தில் கணக்கு சரியாக வரும் என்கிறார். அப்பா நிலத்தை அடமானம் வைக்கக் கிளம்பிவிட்டார். நம்பலாமா?

வெளிநாட்டில் படித்த மருத்துவர்:
அடமானத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், அக்கா. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி மருத்துவப் படிப்பு மட்டுமே குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். நான்கு வருடம் என்றால் 48தான். பி.எஸ். என்பது மருத்துவத்துக்கு முந்தைய பட்டம்; அதைச் சேர்த்துக் கூட்ட முடியாது. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் சிக்கின. ஆங்கிலவழிப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதி, இவையும் கட்டாயம். திரும்பி வந்தபின், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். அதன்பின் இங்கேயும் ஒரு வருடப் பயிற்சி.

திண்டுக்கல் அக்கா:
கல்லூரி 'ஆணையம் அங்கீகரித்த பட்டியலில்' இருக்கிறது என்று ஒரு தாளும் காட்டினாரே?

மதுரை வாசகர்:
வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஆணையம் அப்படி அங்கீகாரமே தருவதில்லை, அம்மா. அந்தத் தாளைக் காட்டியவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். எந்த நாடானாலும் பாடத்திட்டத்தையும் கால அளவையும் கல்லூரியிடமே எழுத்தில் வாங்கி, விதியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.