மெட்டாஜீனோமுக்கு ‘மரபணுத்திரள்’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஓரிடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அனைத்தின் மரபணுத்தொகுதிகளையும் (ஜீனோம்களையும்) ஒருங்கே குறிக்கும் மெட்டாஜீனோம் என்பதற்கு ‘மீமரபணுத்தொகுதி’ என்னும் சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. மீத்தரவு (மெட்டாடேட்டா) என்பதில் ‘மீ’ பொருந்தும், ஏனெனில் அது தரவைப் பற்றிய தரவு. மெட்டாஜீனோமோ மரபணுத்தொகுதியைப் பற்றிய மரபணுத்தொகுதி அன்று. 1998இல் நுண்ணுயிரியல் அறிஞர் ஜோ ஹேண்டல்ஸ்மனும் உடன் ஆய்ந்தோரும் இச்சொல்லை ஆண்டபோது, மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளின் மரபணுத்தொகுதிகளை ஒருங்கே சேர்த்துத்தான் அவ்வாறு குறித்தார்கள்.

செயலைப் பார்த்தால் சொல் தானே அமையும். மண்ணிலுள்ள பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர்வதில்லை. ஆகவே, அவற்றைத் தனித்தனியே வளர்க்க முயலாமல், மண்ணிலிருந்தே டி.என்.ஏ.வை மொத்தமாகப் பிரித்து, சிறுசிறு துண்டுகளாக வாசித்து, எத்துண்டு எவ்வுயிரியுடையது என்பதைப் பின்னர்க் கணினியைக் கொண்டு தேர்கிறார்கள். கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில், கடும் அமில நீரில் படர்ந்திருந்த இளஞ்சிவப்பு உயிர்ப்படலத்தை ஆய்ந்து 2004இல் வெளியிட்டவர்களுக்கு, அங்கே வாழும் இனங்கள் மிகச் சிலவே என்பதால், லெப்டோஸ்பைரில்லம், ஃபெரோபிளாஸ்மா ஆகிய நுண்ணுயிரிகளின் மரபணுத்தொகுதிகள் ஏறக்குறைய முழுமையாகவே கிடைத்தன. அதே ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோ கடற்பகுதி நீரை ஆய்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வாளர் கிரெய்க் வென்டர் குழுவினர் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய மரபணுக்களைக் கண்டார்கள். ஆனால் அவற்றுள் பல எவ்வுயிரிக்கு உரியவை என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

எது எவருடையது என்று தெரியாமல் கலந்து கிடப்பதே இதன் இயல்பு. தொகுதி என்பதில் ஓர் ஒழுங்கும் வரம்பும் உண்டு. அது ஓருயிரிக்கு உரியது. திரள் என்பது பலவும் வந்து கூடியது. எனவே மெட்டாஜீனோமுக்கு ‘மரபணுத்திரள்’ என்றும், அத்துறைக்கு ‘மரபணுத்திரளியல்’ என்றும் முன்மொழிகிறேன். திரளிலிருந்து ஒவ்வோர் உயிரியின் துண்டுகளையும் இனம்பார்த்துச் சேர்க்கும் பின்னிங் என்னும் பணியைப் ‘பிரித்தடுக்கல்’ எனலாம்.

இதற்கு இரண்டு தடைகள் எழலாம். ஓர் இனத்தின் உறுப்பினர் அனைவரிடமும் உள்ள மரபணுக்களின் இருப்பை, அதாவது ஜீன் பூலை, இச்சொல் குறித்துவிடுமோ என்பது ஒன்று. அதற்கு ‘மரபணு இருப்பு’ என்றே வைத்துக்கொண்டால் குழப்பம் நேராது. மற்றது உண்மையிலேயே இடிக்கிறது. இதே முறையில், ஓரிடத்து நுண்ணுயிரிகள் அனைத்தின் புரதங்களையும் ஒருங்கே குறிக்கும் மெட்டாபுரோட்டியோமைப் ‘புரதத்திரள்’ என்றால், புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதாகவே மருத்துவம் படித்தவர்கள் கொள்வார்கள். அங்கே மட்டும் ‘பல்லுயிர்ப் புரதத்தொகுதி’ என்று விரித்துச் சொல்வதே நேர்மையானது.

பாக்டீரியாக்களை இனங்காண உதவும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு ஒன்றை மட்டும் படியெடுத்து, எவ்வெவ் வகைகள் உள்ளன என்று பார்க்கும் ஆய்வையும் செய்தியாளர்கள் மெட்டாஜீனோமிக்ஸ் என்றே எழுதிவிடுகிறார்கள். அது திரள் முழுவதையும் வாசிப்பதன்று. அதற்கு ‘அடையாள மரபணுக் கணக்கெடுப்பு’ என்று தனிப்பெயர் வைத்துவிட வேண்டும்.