அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ‘லெப்ட் கார்ட்’ என்பவருக்கு என்ன வேலை?

வாவிக்கரை (கல்லடி):
அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் வசிக்கும் என் அக்காவின் மகன் இவ்வாண்டு தன் பாடசாலை அணியில் சேர்ந்து, 64 ஆம் இலக்கச் சட்டையுடன் ‘லெப்ட் கார்ட்’ ஆக விளையாடுகிறான். அக்கா அனுப்பிய காணொளியை அம்மாவும் நானும் முழுவதுமாகப் பார்த்தோம். ஆட்டம் முடியும்வரை பந்து ஒருமுறையேனும் அவன் கைக்கு வரவில்லை. பிள்ளையை ஒதுக்கி வைத்திருக்கிறார்களோ என்று அம்மா கவலைப்படுகிறார். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் காலால் ஆடும் வழமையான உதைபந்தாட்டம் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது விளங்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்குவீர்களா?

கல்முனைத் தோழன்:
சகோதரி, அம்மாவை முதலில் ஆறுதலாக இருக்கச் சொல்லுங்கள். பந்து அவனிடம் வராததற்குக் காரணம் விதிதான். பந்தை வைத்திருக்கும் அணியின் 11 பேரில், நடுவில் ஒரு சென்டர், அவருக்கு இரு புறமும் கார்ட்கள், அவர்களுக்கு அப்பால் டேக்கிள்கள் என ஐவர் வரிசையாக நிற்பார்கள். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க இவர்களுக்கு அனுமதியில்லை. நடுவர்கள் அடையாளம் காண்பதற்காகவே 50 முதல் 79 வரையான இலக்கங்கள் இவர்களுக்கு உரியவை. சென்டர் கால்களுக்கிடையால் பின்னுக்குக் கொடுக்கும் பந்தைப் பெற்று, யாருக்கு எறிவது என்று குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) பார்ப்பதற்குக் கிடைப்பது சில விநாடிகளே. எதிராளிகளைத் தம் உடம்பால் மறித்து அந்த விநாடிகளைச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் இந்த ஐவர்தான். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் (கெஜம்) தூரம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், இவ்வரிசை உடைந்தால் எறிபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தும் பயனில்லை.

திருக்கோவில் வாசகர்:
அப்படியானால் இது றகர் ஆட்டத்தின் முன்வரிசையைப் போன்றதுதானே?

கல்முனைத் தோழன்:
தோற்றத்தில் ஒற்றுமை உண்டு ஐயா. ஆனால் றகரில் பந்தை முன்னோக்கி எறிய முடியாது, பந்து இல்லாதவரை மறிப்பதும் குற்றம். அமெரிக்க ஆட்டத்தில் முன்னோக்கி எறிதல் 1906 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பந்து இல்லாத எதிராளியை மறிப்பதுதான் கார்ட்டின் தொழிலே. மறிக்கலாம், தள்ளலாம், ஆனால் சட்டையைப் பற்றி இழுத்தால் அணி 10 யார் பின்னே போகும் தண்டனை.

வாவிக்கரை:
மிக்க நன்றி. நேற்றிரவு அம்மாவுடன் அதே காணொளியை, பந்தை விட்டுவிட்டு 64 ஐ மட்டும் தொடர்ந்து பார்த்தேன். ஓரிடத்தில் அவன் தன் இடத்தை விட்டு மற்றவர்களுக்குப் பின்னால் வலப்பக்கமாக ஓடுகிறான். அது தவறா?

கல்முனைத் தோழன்:
தவறில்லை, அதற்குப் ‘புல்லிங்’ என்று பெயர். பந்தை ஏந்துபவர் வலப்பக்கம் ஓடத் திட்டமிட்டிருக்கையில், இடப்பக்கக் கார்ட் வரிசையிலிருந்து விலகி, அவருக்கு முன்னே ஓடி, எதிர்ப்படுபவரை அகற்றி வழி திறக்க வேண்டும். கனத்த உடம்போடு திரும்பி அவ்வளவு விரைவாக ஓடுவது கடினமான கலை. உங்கள் அக்கா மகனிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள் என்றால் பயிற்றுநர் அவனுடைய கால்களை நம்புகிறார். அடுத்த முறை, பந்து நகர்வதற்கு முந்திய கணத்தையும் பாருங்கள். கையைத் தரையில் ஊன்றிய பின் அவன் சற்று அசைந்தாலும் முழு அணியும் 5 யார் பின்னே போக வேண்டும்.