ஃபாலோ-அப் மெயில் (ஒருவரிடம் பேசிய பிறகு தொடர்ந்து அனுப்புவது): உங்கள் மனதில் இன்னும் உறுத்துவது எது?

கரூர் தறி:
ஹைம்டெக்ஸ்டில் என்கிற வீட்டுத் துணிக் கண்காட்சிக்குப் போய்வந்தவர்களுக்கு இது புரியும். ஜனவரி, ஃபிராங்க்பர்ட், கடைசி நாள் மாலை. ஸ்டாலைப் பிரித்துக் கட்டப் போகிற நேரத்தில் டென்மார்க்கிலிருந்து ஓர் அம்மா வந்தார். வாஃபிள் நெசவு சமையலறைத் துண்டை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். "துவைத்தால் எவ்வளவு சுருங்கும்?" ஒரே கேள்விதான். ஊருக்குப் போய்ச் சரியாகச் சொல்கிறேன் என்று கார்டை வாங்கிக்கொண்டேன்.

வந்ததும் நான் அனுப்பியது 22 பக்கக் கேட்லாக். பத்து நாள் கழித்து "முந்தைய மெயில் கிடைத்ததா?" பிப்ரவரி கடைசியில் "அன்புடன் நினைவூட்டுகிறோம்". பதிலே இல்லை. ஏப்ரலில் கார்டைத் திருப்பினால் பின்பக்கம் என் கையெழுத்திலேயே "சுருக்கம்?" என்று எழுதியிருக்கிறது. அன்றே ஒரு துண்டை 60 டிகிரியில் மூன்று தடவை துவைத்து, டேப் வைத்து அளந்து, 70 செ.மீ. 65 ஆனதைப் படம் எடுத்து நாலு வரியில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "இதைத்தான் ஜனவரியில் கேட்டேன். போன மாதம் வேறு இடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டேன்."

அந்தக் கார்டு மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது.

கோவை சேல்ஸ்:
எனக்கு ஒரு போன் கால். மருத்துவமனைகளுக்கான பில்லிங் சாப்ட்வேர் விற்றுக்கொண்டிருந்தேன். முதல் மெயிலுக்கே சப்ஜெக்டில் "ரீ:" போடு, ஏற்கெனவே பேசியது மாதிரி இருக்கும், திறந்துவிடுவார்கள் என்று மேனேஜர் சொன்னார். போட்டேன். திறந்தார்கள், அது உண்மை. மூன்றாம் நாள் மதுரையிலிருந்து ஒரு பர்ச்சேஸ் ஆபீசர் கூப்பிட்டார். கோபமே இல்லை. "ஏம்மா, நான் எப்ப உங்களுக்கு மெயில் போட்டேன்? மறந்துட்டேனோன்னு பழைய மெயிலையெல்லாம் அரை மணி நேரமா தேடிக்கிட்டிருக்கேன்." வயதானவர் குரல். எனக்குப் பதில் வரவில்லை. அமெரிக்காவில் 2003-லேயே இப்படி ஏமாற்றும் சப்ஜெக்டுக்குச் சட்டத்தில் தடை போட்டுவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சட்டம் இல்லாவிட்டாலும் அது தப்புதான்.

சர்வர் ரூம்:
கரூர் தறி சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. முதல் மூன்று மெயிலும் அந்த அம்மாவின் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தீர்களா? எங்கள் ஆபீஸில் ஒரு வாடிக்கையாளரிடம் நேரில் போய்க் கேட்டபோது ஸ்பேமைத் திறந்து காட்டினார். லாட்டரிப் பரிசு மெயிலுக்கும் கடன் மெயிலுக்கும் நடுவில் எங்கள் கொட்டேஷன், ஐந்து தடவை.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். உங்கள் டொமைனுக்கு (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும், அதாவது மெயில் நிஜமாகவே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள், போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பு. ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர் என்றால் மூன்றும் கட்டாயம், விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். கேட்லாக்கை இணைக்காதீர்கள், லிங்க் கொடுங்கள். "திறந்துவிட்டார்" என்று டிராக்கிங் காட்டுவதை நம்பி அடுத்த மெயில் போடாதீர்கள். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு ஐபோனின் மெயில் ஆப்பில் ஆள் திறக்காமலே திறந்ததாகக் காட்டும். கண்காட்சிப் பட்டியலை விலைக்கு வாங்கி ஜெர்மனிக்கு மொத்தமாக அனுப்புகிறவர்களே, அங்கே நிறுவனங்களுக்குக்கூட முன்சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்பக் கூடாது. ஆகஸ்டில் ஐரோப்பாவில் பாதிப் பேர் லீவு, அப்போது நினைவூட்டி என்ன பயன்?

கரூர் தறி:
சர்வர் ரூம் சார், நாங்கள் வருடத்துக்கு அனுப்புவதே நாற்பது மெயில். அந்த அம்மாவின் பதிலுக்குக் கீழே என் மூன்று பழைய மெயிலும் வரிசையாக இருந்தன, அவரே காட்டினார். போய்ச் சேர்ந்தது, படித்தார், அவருக்கு வேண்டியது அதில் இல்லை. ஆகஸ்ட் விஷயம் மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

மெஸ் கணக்கு:
நான் வாங்குகிற பக்கம். கல்லூரி ஹாஸ்டலுக்கு 40 லிட்டர் டில்டிங் கிரைண்டர் வேண்டும் என்று கோயம்புத்தூரில் நாலு இடத்தில் விசாரித்தேன். மூன்று பேர் வாரம் தவறாமல் "தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கி" அனுப்பினார்கள். நாலாவது ஆள் ஒரே ஒரு மெயில்தான் போட்டார். "போனில் பேசும்போது சமையலறை வாசல் இரண்டேகால் அடி என்று சொன்னீர்கள். எங்கள் 40 லிட்டர் மெஷின் அதில் நுழையாது. 20 லிட்டரில் இரண்டு வைத்தால் ஒன்று ரிப்பேரானாலும் காலை இட்லி நிற்காது. விலை கொஞ்சம் கூடும், கணக்கு கீழே." வாசல் அளவைச் சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் மறுபடி அளந்தேன். அவர் சொன்னதுதான் சரி. அன்று மதியமே பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டேன்.

திருப்பூர் காஜா பட்டன்:
எதற்கு இவ்வளவு? வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் போட்டால் முடிந்தது.

மெஸ் கணக்கு:
ஆடிட்டுக்கு வாய்ஸைக் காட்ட முடியாது தம்பி. மெயிலைத்தான் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைப்போம்.

கரூர் தறி:
மெஸ் கணக்கு ஐயா, அந்த ஆள் வாசல் அளவை எங்கே குறித்து வைத்திருந்தாராம்? கேட்டுச் சொல்லுங்கள். அடுத்த ஜனவரிக்குள் எனக்கு அது தெரிய வேண்டும். கோவை சேல்ஸ், அந்த மதுரைக்காரர் அப்புறம் என்ன சொன்னார்?

கோவை சேல்ஸ்:
மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன், "ரீ:" இல்லாமல். "பரவாயில்லம்மா" என்று ஒரு வரி வந்தது. சாப்ட்வேரை வேறு இடத்தில்தான் வாங்கினார்கள்.

மெஸ் கணக்கு:
கேட்டுவிட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே காலண்டர் தாளின் பின்னால் எழுதி, சாயங்காலம் அந்தத் தாளை மெஷின் பில் புக்குக்குள் செருகி வைப்பாராம்.