ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸுக்கு ஒரு நல்ல சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

காட்பாடியிலிருந்து:

வணக்கம். வெள்ளிக்கிழமை பாலிடெக்னிக் வகுப்பில் மெயில் சர்வர் பாடம், குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். மாணவர் ஒருவர் சத்துவாச்சாரியில் தன் வீட்டிலேயே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை ஓட்டுகிறார். அனுப்பும் மடலெல்லாம் ஜிமெயிலில் எரிதப் (ஸ்பேம்) பெட்டிக்குள் விழுகிறது. மடலின் வழிக்குறிப்பான ஹெடரைத் திறந்து பார்த்தோம். அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம் சோதனைகள் இரண்டும் பாஸ். ஆனால் ஐபி எண்ணைக் கொடுத்துப் பெயர் கேட்டால் அவருடைய டொமைன் வருவதில்லை, இணைய இணைப்பு தருபவர் வைத்த பொதுப்பெயர்தான் வருகிறது. இந்த ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸைத் 'தலைகீழ்த் தேடல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

ஆற்காட்டிலிருந்து:

தலைகீழ் என்றால் கவிழ்ந்து கிடப்பது ஐயா. திரும்புவதைச் சொல்லும் 'மறி' இருக்கக் கவலை ஏன்? செய்யுளின் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறைதான் பொருள்கோள்; நன்னூல் சொல்லும் எட்டில் அளைமறிபாப்பு ஒன்று. புற்றில் நுழையும் பாம்பு தலையை மடித்துத் திரும்புகிற மாதிரி, செய்யுளின் கடைசிச் சொல் இடையிலும் முதலிலும் போய்ப் பொருள் தருவது. 'மறிதேடல்' என்க.

குடியாத்தத்திலிருந்து:

அழகுதான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு மறி என்றால் சாலை மறியல். வீட்டு இணைப்புகளில் மடல் போகும் வாயிலான 25ஆம் போர்ட்டை மறித்து வைப்பதும் உண்டு, அதுவும் இதே பாடத்தில் வரும். 'மறிதேடல் தோல்வி' என்று படிப்பவர் போர்ட்டைத்தான் போய் நோண்டுவார். 'எண்வழிப் பெயர்' போதாதா?

ஆற்காட்டிலிருந்து:

போர்ட் விஷயம் நியாயம், மறியை விட்டுவிடுகிறேன். அப்படியானால் இன்னொரு பொருள்கோளான நிரனிறைக்கு வாருங்கள். சொற்களை வரிசையாக அடுக்கி, அவற்றுக்குரியவற்றையும் வரிசையாக அடுக்குவது அது; இரண்டாவது வரிசை தலைமாறி வந்தால் எதிர் நிரனிறை. 203.0.113.25 என்ற எண்ணுக்குப் பெயர் கேட்கும்போது 25.113.0.203 என்று திருப்பி அடுக்கித்தானே கேட்கிறோம்? அச்சு அசலாக எதிர் நிரனிறை! 'எதிர்நிரல் தேடல்' என்றால் இலக்கணமும் வந்துவிடும், நுட்பமும் வந்துவிடும்.

வாலாஜாவிலிருந்து:

புதிய வகை ஐபி எண்ணான ஐபிவி6 முகவரியையும் அப்படித்தான் திருப்பி அடுக்குகிறோம். ஆனால் அது கேள்வியின் உள்வேலை. மடல் அனுப்புகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. எண்ணுக்கு வரும் பெயரை அவர் தன் டொமைன் பக்கத்தில் எழுத முடியாது. ஐபி எண் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எழுத வேண்டும். வருகிற பெயரைத் திரும்பத் தேடினால் அதே எண்ணும் வர வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. இணைப்பு தருபவர் மாற்றித்தர மறுத்தால், சரியான பெயருள்ள ஒரு ரிலே (மடலை வாங்கி அனுப்பும் இடை சர்வர்) வழியாக அனுப்புவதுதான் வழி. 'எண்வழிப் பெயர் சரியில்லை' என்றால் எதைப் போய்க் கேட்க வேண்டும் என்று மாணவருக்குப் புரியும். என் ஓட்டு அதற்கே.

காட்பாடியிலிருந்து:

நாளை காலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 'எண்வழிப் பெயர்' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ் என்பதும் பக்கத்தில் இருக்கும். ஹெல்ப்லைனில் பேசும்போது அந்தப் பெயரைத்தானே சொல்லியாக வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து:

போடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அது கிடைக்கிற பொருளுக்குப் பெயர், தேடுகிற வினைக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. என் வகுப்பில் எதிர்நிரல் தேடல்தான்.