மெதுவான பாட்டில் பேஸ் கிட்டார் இவ்வளவு பேசலாமா?

தந்திப்பித்தன்:
நேற்று ராத்திரி பீட்டில்ஸின் 'சம்திங்' (1969) ஹெட்போனில் கேட்டேன். ஹாரிசன் உருகிப் பாடிக்கொண்டிருக்க, கீழே மெக்கார்ட்னியின் பேஸ் தனிக்கச்சேரி நடத்துகிறது. ஓடிஸ் ரெட்டிங்கின் 'ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்' (1965) கேளுங்கள். அதில் பேஸ் வாசிக்கும் டக் டன் அடக்கமாக ரூட் நோட்டை, அதாவது அந்தந்தக் கார்டின் அடிச்சுரத்தை, பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஓடிஸின் குரல் உடைவது நேராக நெஞ்சில் இறங்குகிறது. காதல் பாட்டில் பேஸின் வேலை அதுதான்.

நாலுதந்தி:
தனிக்கச்சேரியா? முதல் சரணத்தை இன்னொரு முறை கேளுங்க. ஹாரிசன் வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில்தான் பேஸ் நகர்கிறது. பாடகர் விட்ட இடத்தில் வயலின்காரர் எடுத்துக்கொண்டு போவாரே, அந்த மாதிரி. மெக்கார்ட்னிக்கு இந்த வழியைக் காட்டியவர்களில் முக்கியமானவர், அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். மெக்கார்ட்னியே சொன்னதுதான்.

தந்திப்பித்தன்:
ஜேமர்சன் என் கட்சிக்குத்தான் சாட்சி. அவர் வாசித்த 'மை கேர்ள்' (1964) தொடக்கத்தில் பேஸ் மட்டும் தனியாக வருகிறது. சின்னஞ்சிறு துணுக்கு, அதுவே திரும்பத் திரும்ப. 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' (1968) பாட்டில் அவர் ஓடி விளையாடுவது உண்மை. ஆனால் மெதுவாக இருந்த பாட்டை ஸ்டீவி வொண்டர் அதில் துள்ளலாக்கிவிட்டார்.

செவிச்செல்வி:
ரெண்டு பேரும் நோட்டை எண்ணுறீங்க, ஒலியைக் கவனிக்கலை. ஜேமர்சனின் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டாரில் தடித்த ஃபிளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையான) தந்திகள்; அவற்றை மாற்றவே மாட்டார். தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஃபோம். மீட்டுவது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும். நான் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நீளவாக்கில் வெட்டி, பிரிட்ஜ் ஓரமாகத் தந்திகளுக்கு அடியில் செருகிப் பார்த்தேன். 'டூம்ம்ம்' என்று இழுத்தது 'டும்' என்று நின்றுவிட்டது. குரலோடு மோதி இரைச்சலாகக் கேட்ட அதே ஃபில் (இடைவெளியை நிரப்பும் துணுக்கு), இப்போ வரிக்கு நடுவில் அழகாக உட்காருது. அவர் அத்தனை நோட்டு வாசிச்சும் பாடகரை மறைக்காததற்கு இது பெரிய காரணம்.

தந்திப்பித்தன்:
இது நான் யோசிக்காத விஷயம், நன்றி. ஆனால் 'சம்திங்' பேஸ் அப்படிச் சட்டென்று அடங்குவதில்லையே. நீண்டு குழைகிறது. என் குறை அப்படியே இருக்கிறது.

நாலுதந்தி:
குழைவதுதான் எனக்கு அதில் பிடித்ததே! சரி, 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) எடுத்துக்கங்க. ஜேமர்சன் ஸ்டுடியோ தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார் என்று சொல்லப்படும் பாட்டு. மார்வின் கே ஒரு வரியை எப்படி முடிக்கிறாரோ, அதற்கேற்ப பேஸ் பதில் சொல்லும். அடுத்த சரணத்தில் அதே பதில் வராது. அங்கே வெறும் ரூட் நோட்டை வைத்துப் பாருங்க, பாட்டின் பாதி உயிர் போயிடும். மோட்டவுன் அதுவரை வாத்தியக்காரர்கள் பெயரை உறையில் போட்டதில்லை. இதே பெயரில் வந்த ஆல்பத்தில்தான் போட்டது. ஜேமர்சன் 1983-ல், 47 வயதில் போய்ச் சேர்ந்துட்டார். அத்தனை வருஷம் பேரில்லாமல் வாசிச்ச மனுஷரைப் போய் அடக்கி வாசின்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

தந்திப்பித்தன்:
மார்வின் பாட்டுக்கு ஒப்புக்கொள்கிறேன். அது இரண்டு பேர் பேசிக்கொள்ளும் பாட்டு. ஓடிஸ் பாடுவது தன்னந்தனியாக நின்று கெஞ்சுகிறவனின் பாட்டு. அங்கே டன் வாசித்ததற்கு மேல் ஒரு நோட்டுக்கூடச் சேர்க்க விடமாட்டேன்.